அந்த வியாழக்கிழமைப் பக்கம்

அத்தியாயம் 9

அம்மா இல்லாத வீட்டில் காலைநேரம் சீக்கிரம் முடிந்துவிடுகிறது.

முன்பெல்லாம் ரியா குளித்துவிட்டு வருவதற்குள் அம்மாவின் ஜெபம், குக்கர் விசில், பக்கத்து பிளாட்காரியோடு ஜன்னல் வழிப் பேச்சு எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக விழும். இப்போது அப்பா தோசை ஊற்றுகிற சத்தம் மட்டும்தான். அதுவும் நாலைந்து தோசையோடு நின்றுபோகும்.

அம்மா ஞானகுமாரி பெங்களூருக்குப் போய் இது இரண்டாவது வாரம். மகன் ரிச்சர்டுக்குக் குழந்தை பிறந்திருக்கிறது. மருமகளின் அம்மாவுக்கு முழங்கால் ஆபரேஷன். ஒரு மாதம் என்று சொல்லிவிட்டுத்தான் போனாள். ஞாயிற்றுக்கிழமை போனில், "ஈஸ்டர் வரைக்கும் இருந்துட்டு வரட்டுமா?" என்று கேட்டாள். அப்பா வேதமுத்து, "உன் இஷ்டம்" என்றார். அதோடு போனை மேஜைமேல் வைத்துவிட்டு மொட்டைமாடிக்குப் போனவர், வெகுநேரம் இறங்கி வரவில்லை.

அதற்குப் பிறகு அந்தப் பேச்சை அவரும் எடுக்கவில்லை, ரியாவும் எடுக்கவில்லை.

"டப்பால தயிர்சாதம் வச்சிருக்கேன்" என்றார் வேதமுத்து.

"ஊறுகாய்?"

"தீந்துபோச்சி."

"சரிப்பா."

"சாவி எடுத்துக்கிட்டியா?"

"எடுத்துக்கிட்டேன்."

அவ்வளவுதான். அவர் தொழிற்பேட்டை எஸ்டேட்டில் ஒரு கூரியர் கம்பெனியின் பில்லிங் பிரிவுக்குப் போக வேண்டும். அவள் ஸ்டேஷனுக்கு. தெருமுனையில் இருவரும் தலையசைத்துப் பிரிந்தார்கள், ஒரே கட்டடத்தில் குடியிருக்கும் அறிமுகமில்லாதவர்களைப் போல.

அம்பத்தூரிலிருந்து ஆவடிப் பக்கம் போகிற மின்ரயிலில் காலையில் உட்கார இடம் கிடைக்கும். கூட்டமெல்லாம் எதிர்த்திசையில், சென்ட்ரலை நோக்கித் தொங்கிக்கொண்டு போகும். ரியா ஜன்னலோரம் உட்கார்ந்து பையை மடியில் வைத்துக்கொண்டாள். எதிர் இருக்கை காலியாகவே இருந்தது.

போன் அதிர்ந்தது. நிஷா.

"எங்கடி கீற? நோட்டு எடுத்துகினு வந்தியா?"

ரியா சிரித்துக்கொண்டாள். அன்றைக்கு அவளிடம் யாரோ கேட்ட மூன்றாவது கேள்வி அது.

கல்லூரி, வெள்ளானூர் போகிற பாதையில் இருந்தது. பி.காம். இரண்டாம் ஆண்டு. முதல் ஆண்டு சேர்ந்தபோது முதல் மாதம் முழுக்க ரியா யாரோடும் பேசவில்லை. பேசத் தெரியாமலில்லை, எங்கே ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. கை சும்மா இருக்கக் கூடாதே என்று எழுதினாள். ஆசிரியர் சொன்னதையெல்லாம் எழுதினாள். உதாரணம், இருமலுக்கு நடுவே சொன்ன துணுக்கு, கரும்பலகையில் அழித்த வரி, எல்லாம். சாயங்காலம் வீட்டுக்குப் போய் இரண்டு நிற மையில் அழகாக மறுபடி எழுதினாள். முக்கியமான வாக்கியங்களுக்கு ஒரு கட்டம் போட்டு, மேலே 'சார் சொன்னது' என்று தலைப்புக் கொடுத்தாள்.

ஒருநாள் நிஷா திரும்பி அந்த நோட்டைப் பார்த்தாள். "அய்யே, புஸ்தகமே போட்டுக்கீறியே! ஒரு போட்டோ எடுத்துக்கட்டா?"

அன்றைக்கு மதியம் நிஷா அவளோடு சாப்பிட்டாள்.

அதிலிருந்து நோட்டு வகுப்பு முழுக்கப் போனது. கல்லூரி வாசல் ஜெராக்ஸ் கடையில் போய், "அண்ணே, ரியா நோட்ஸ் ஒரு செட்" என்றால் போதும். கடைக்கார பாபு வேறெதுவும் கேட்க மாட்டார். மற்றவர்கள் வகுப்பில் எழுதுவதையே விட்டுவிட்டார்கள். அவளுக்கு அது பெருமையாக இருந்தது. தன்னை ஐம்பது பேர் தேடுகிறார்கள் என்று நினைத்துக்கொள்வாள். நோட்டைத்தான் தேடுகிறார்கள் என்பதும் தெரியும். அந்த இரண்டாவது நினைப்பு வரும்போது பேனாவை எடுத்து எழுத ஆரம்பித்துவிடுவாள்.

முதல் பீரியட், காஸ்ட் அக்கவுன்டிங். ஆனந்தன் சார் இன்டர்னல் தேர்வுத் தாள்களைக் கையில் வைத்துக்கொண்டு வந்தார். கொடுக்கவில்லை. மேஜைமேல் வைத்து, விரலால் ஓரத்தைத் தட்டிக்கொண்டே நின்றார். முப்பது வயதுகூட இருக்காது. கெஸ்ட் லெக்சரர். ஒவ்வொரு செமஸ்டரும் புதிதாக ஆர்டர் வாங்க வேண்டிய வேலை.

"பதினாலாவது கேள்வி" என்றார். "முக்காவாசி பேர் ஒரே மாதிரி தப்பு பண்ணியிருக்கீங்க. ஒரே வரி. அடிக்கோடு போட்ட இடம்கூட ஒண்ணு."

கேள்வி சிக்கலானதல்ல. நூறு கிலோ சரக்கு இயந்திரத்துக்குள் போகிறது. ஐந்து கிலோ வீணாகும் என்று முன்பே தெரியும். ஆனால் எட்டு கிலோ வீணாகிவிட்டது. எதிர்பாராமல் போன அந்த மூன்று கிலோவுக்கு என்ன விலை போடுவது? கழிவுக்கு உண்டான விலையா, நல்ல சரக்கின் விலையா? நல்ல சரக்கின் விலைதான் போட வேண்டும். பெரும்பாலோர் கழிவு விலை போட்டிருந்தார்கள்.

ரியாவும்தான்.

"சார், நீங்கதான் அப்படிச் சொன்னீங்க." வகுப்புப் பிரதிநிதி ராகேஷ் எழுந்தான்.

"புதன்கிழமை சொன்னேன். பெல் அடிக்கிற அவசரத்துல தப்பாச் சொல்லிட்டேன். மறுநாள் வந்த உடனே திருத்தினேனே! வியாழக்கிழமை, அட்டென்டன்ஸ் எடுத்து முடிச்சதும், முதல் வேலையா."

தலைகள் ரியாவின் நோட்டுப் பக்கம் திரும்பின.

"யாருக்கும் ஞாபகம் இல்லையா?"

யாருக்கும் இல்லை. அவர்கள் பொய் சொல்லவில்லை. நிஜமாகவே ஞாபகமில்லை.

"சார், ரியா நோட்ஸ்ல இல்ல சார்" என்றான் ராகேஷ். சொல்லிவிட்டு, இதற்கு மேல் பேச என்ன இருக்கிறது என்பதுபோல உட்கார்ந்தான்.

ஆனந்தன் சார் அவளிடம் வந்து கையை நீட்டினார். ரியா நோட்டைக் கொடுத்தாள். அவர் புரட்டினார். புதன்கிழமை. அடுத்தது வியாழக்கிழமை. தேதி, ஓரக்கோடு, இரண்டு கணக்கு, கீழே கட்டம் கட்டிய 'சார் சொன்னது'. அதில் அதே தப்பு வாக்கியம் இன்னொரு தடவை.

அவர் அதை நெடுநேரம் பார்த்தார்.

"ரெண்டாவது நாளும் இப்படியா சொன்னேன்?" என்று மெல்லக் கேட்டார். அவளை அல்ல, தன்னைத்தான். "திருத்தினேன்னு நினைச்சேன்... வர்ற வழியில மனசுக்குள்ள சொல்லிப் பார்த்துக்கிட்டதோ என்னமோ."

நோட்டை மூடி, இரண்டு கையாலும் அவளிடம் திருப்பிக் கொடுத்தார்.

ரியா அதை வாங்கியதும் பைக்குள் தள்ளிவிட்டாள்.

ஏனென்றால் அந்த வியாழக்கிழமை அவள் கல்லூரிக்கே வரவில்லை.

அன்று காலை அவள் சென்ட்ரலில், ஏழாவது பிளாட்பாரத்தில், அம்மாவின் பையைத் தூக்கிக்கொண்டு நின்றாள். "நீ காலேஜுக்குப் போடி, அப்பா ஏத்திவிடுவார்" என்று அம்மா எவ்வளவோ சொல்லியும் கேட்காமல் போனாள். சாயங்காலம் நிஷாவின் நோட்டைப் போட்டோவாகக் கேட்டு வாங்கினால் அதில் 'கணக்கு தொடர்ச்சி' என்று மட்டும் இருந்தது. ஒரு நாள் காலியாக இருப்பதை ரியாவால் பார்க்க முடியவில்லை. பாடப்புத்தகத்திலிருந்து இரண்டு கணக்கை எடுத்துப் போட்டாள். கட்டம் வெறுமையாக இருந்தது. முந்தைய நாள் வாக்கியத்தையே அங்கே இன்னொரு தடவை எழுதி, தேதி போட்டாள்.

பார்க்க அழகாக இருந்தது. இரவே அவள் வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் போட்ட போட்டோவை எல்லாரும் எடுத்துக்கொண்டார்கள்.

இடைவேளையில் ராகேஷ் ஒரு காகிதத்தோடு பெஞ்சு பெஞ்சாகப் போனான். துறைத்தலைவர் சரசா மேடத்துக்குப் புகார். ஆனந்தன் சார் தவறாக நடத்துகிறார், பதினாலாவது கேள்விக்கு எல்லாருக்கும் முழு மதிப்பெண் தர வேண்டும்.

"கையெழுத்துப் போடு ரியா. உன் நோட்டுதான் மெயின். மூணு மணிக்கு சரசா மேடம் ரூம்ல நீதான் காட்டணும்."

"சாருக்கு எதனா ஆகுமா?"

"ஆனா ஆவட்டும். தப்பா நடத்தினா? எங்க மார்க் போச்சே!" என்றவன் குரலை இறக்கினான். "மேடம்க்கு ஏற்கெனவே அவர் மேல காண்டு. அடுத்த செமஸ்டர் ஆர்டர் டவுட்டுன்றாங்க."

ரியா காகிதத்தை மேஜையிலேயே விட்டுவிட்டு எழுந்தாள்.

நிஷா தண்ணீர்க் குழாயருகே பாட்டில் நிரப்பிக்கொண்டிருந்தாள்.

"நிஷா, அன்னைக்கு நீ கிளாஸ்ல இருந்த இல்ல?"

"இருந்தேன்."

"சார் திருத்தினாரா?"

"எனக்கு இன்னாடி தெரியும்?"

"முன்னாடி பெஞ்சுதானே நீ."

"அவர் இன்னாவோ சொல்லிகினுதான் இருந்தாரு. நான் போன் பார்த்துகினு இருந்தேன். பழக்கத்துல, எப்படியும் நீ எழுதிடுவேன்னு..." நிஷா பாட்டிலை மூடுவதை நிறுத்தினாள். "அய்யோ! நீ அன்னிக்கு வரல இல்ல?"

"வரல."

குழாயில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"நான் வரலன்னு மேடம்கிட்ட சொல்லிடப் போறேன்."

"பைத்தியமாடி உனக்கு? நீ வரலன்னா ரிஜிஸ்டர்ல எப்படிடி ப்ரெசென்ட் கீது? உன் நம்பருக்கு கொரல் குடுத்தது யாரு? நானு! உனக்காக!" நிஷாவின் கண்கள் சுருங்கின. "போன செமஸ்டரே பிராக்ஸிக்கு எனக்கு வார்னிங் குட்துகீறாங்க. இன்னொரு தபா மாட்னேன்னா எங்கப்பா காலேஜே வாணாம், வூட்ல கெடன்னுவாரு. தெரியுமில்ல?"

"சார் வேலை போயிடும் நிஷா."

"நமக்கு இன்னா சாரு மாமனா மச்சானா?"

நிஷா பாட்டிலை இறுக்கி மூடினாள்.

"இத்தினி நாளு உன்கூட உக்காந்து சாப்ட்டேன் இல்ல? அதுக்காச்சும் கம்முனு இரு."

அந்த வார்த்தையில் ஒரு கணக்கு இருந்தது. நிஷாவுக்கே அது பிறகுதான் உறைத்திருக்க வேண்டும். முகத்தைத் திருப்பிக்கொண்டு வேகமாக நடந்து போய்விட்டாள்.

மதியம் தயிர்சாத டப்பாவை ரியா தனியாகத் திறந்தாள். மரத்தடியில் இரண்டு நாய்கள் படுத்திருந்தன. சாப்பிட்டபடியே அந்தப் புதன்கிழமையை நினைவுக்குக் கொண்டுவரப் பார்த்தாள். சார் எந்தச் சட்டை போட்டிருந்தார்? எந்த இடத்தில் தடுமாறினார்? 'கழிவு விலை' என்று சொன்னபோது அவர் முகம் எப்படி இருந்தது?

ஒன்றும் வரவில்லை. அவர் பேசிய ஒவ்வொரு வாக்கியமும் அவளிடம் இருந்தது. அவர் இல்லை. பேனா ஓடியது மட்டும் நினைவிருந்தது. காது வழியாக வந்ததெல்லாம் கை வழியாகக் காகிதத்துக்குப் போயிருக்கிறது. நடுவே அவள் எங்கேயும் இருக்கவில்லை.

மூன்று கிலோவுக்கு ஏன் கழிவு விலை என்று ஒருகணம் யோசித்திருந்தாலே தப்பு என்று தெரிந்திருக்கும். கெட்டுப்போகாமல் இருந்திருந்தால் அது நல்ல சரக்குதானே! யோசிக்க நேரமில்லை. அடுத்த வாக்கியம் வந்துகொண்டிருந்தது.

மதியம் முதல் பீரியட் வணிகச் சட்டம். அகல்யா மேடம். ரியா நோட்டைத் திறந்து, தேதி போட்டு, பேனாவை மூடி வைத்தாள்.

முதல் ஐந்து நிமிடம் கை தவித்தது. பிறகு மேடத்தின் முகத்தைப் பார்த்தாள். அவர் பேசும்போது இடது கைவிரல்களை ஒவ்வொன்றாக மடக்குவார் என்பதை அவள் அதுவரை கவனித்ததேயில்லை.

"ஒருத்தர்கிட்ட ஒரு விலை சொல்றீங்க. அவர் பதிலே சொல்லல. உடனே அவர் ஒத்துக்கிட்டார்னு எடுத்துக்க முடியுமா? முடியாது."

ரியாவுக்கு ஒரு கேள்வி வந்தது. எழுதிக்கொண்டிருந்தால் வந்திருக்காது. கையைத் தூக்கினாள். பின்வரிசையில் யாரோ "ஓஹோ" என்றார்கள்.

"மேடம், ஒருத்தருக்கு விஷயம் தெரியும், ஆனா சொல்லல. பேசாம இருக்கறது தப்பா?"

அகல்யா மேடம் மடக்கிய விரலை அப்படியே வைத்துக்கொண்டு அவளைப் பார்த்தார். "நல்ல கேள்வி. சும்மா இருக்கறது மட்டும் மோசடி ஆகாது. ஆனா சொல்லியே ஆகணும்கிற கடமை உனக்கு இருந்து, நீ சும்மா இருந்தா, அப்போ அது மோசடிதான்."

பீரியட் முடிந்ததும் ரியா பேனாவைத் திறந்தாள். நினைவிலிருந்து தன் சொற்களிலேயே எழுதினாள். நான்கு வரி வந்தது. ஒரு அம்புக்குறி, ஒரு கேள்விக்குறி, ஒரு அடித்தல்.

முன் பெஞ்சுக்காரன் வழக்கம்போல் போனை நீட்டிக்கொண்டு திரும்பினான். பக்கத்தைப் பார்த்தான். "இன்னா இது, கிறுக்கி வெச்சிருக்க? மீதி எங்க?"

"அவ்வளவுதான்."

"இத வெச்சிகினு நாங்க இன்னா பண்றது?"

"புரியலன்னா கேளு, சொல்றேன்."

அவன் சிரித்தான். கேட்கவில்லை.

மூன்று மணிக்கு சரசா மேடத்தின் அறையில் ராகேஷ் முன்னால் நின்றான். நிஷாவும் இன்னும் இரண்டு பேரும் கதவோரம். ஆனந்தன் சார் சுவரோரமாக, ஒரு மாணவனைப் போலக் கைகட்டி நின்றார். மேடத்தின் மேஜைமேல் வருகைப் பதிவேடும் ரியாவின் நோட்டும் இருந்தன.

"நோட்டு சுத்தமா இருக்கு" என்றார் சரசா மேடம், பக்கத்தைப் புரட்டியபடி. "சார் ரெண்டு நாளும் தப்பாத்தான் சொல்லியிருக்கார். நீங்க என்ன சொல்றீங்க ஆனந்தன்?"

"திருத்தினதாத்தான் மேடம் நினைவு. ஆனா அந்தப் பொண்ணு ஒரு வார்த்தை விடாம எழுதறவ. அதுல இல்லன்னா..." அவர் வாக்கியத்தை முடிக்கவில்லை.

ரியா நிஷாவைப் பார்த்தாள். நிஷா தரையைப் பார்த்தாள்.

"மேடம்" என்றாள் ரியா. "அந்தப் பக்கம் கிளாஸ்ல எழுதினது இல்ல."

"என்னம்மா?"

"வியாழக்கிழமை நான் காலேஜுக்கு வரல. வீட்ல நானா எழுதினேன். புத்தகத்துல இருந்து ரெண்டு கணக்கு. கீழ கட்டத்துல இருக்கறது சார் சொன்னது இல்ல. முந்தின நாள் சொன்னதை நானே திருப்பி எழுதிட்டேன்."

ராகேஷ் திரும்பினான். "ஏ, இன்னா பேசற நீ?"

"வரலன்னா பதிவேட்டுல எப்படி ப்ரெசென்ட்?" சரசா மேடத்தின் குரல் ஏறவில்லை. அதனாலேயே பயமாக இருந்தது.

அந்த ஒன்றை மட்டும் ரியாவால் சொல்ல முடியவில்லை.

"நான்தான் மேடம்" என்றாள் நிஷா, தரையைப் பார்த்தபடியே.

ஆனந்தன் சார் நிமிர்ந்தார். கட்டியிருந்த கைகள் தாமாகப் பிரிந்தன. "அப்போ சொன்னேன்" என்றார் முணுமுணுப்பாக. "சொல்லியிருக்கேன்." அவருக்குத் தன் நினைவு திரும்பக் கிடைத்துவிட்டது. ரியாவைப் பார்த்து ஏதோ சொல்ல வாயெடுத்தார். சரசா மேடம் இருப்பதைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

புகார்க் காகிதம் இரண்டாகக் கிழிந்தது. எல்லாருக்கும் மறுதேர்வு என்று தீர்ப்பானது. நிஷாவும் ரியாவும் நாளைக்குப் பதினோரு மணிக்குப் பெற்றோரோடு வர வேண்டும்.

"அப்பா, அம்மா ரெண்டு பேரும். போன தடவை மாதிரி மாமா, பெரியப்பான்னு யாரையாச்சும் கூட்டிட்டு வரக் கூடாது. கையெழுத்து ரெண்டு வேணும்."

"மேடம், எங்கம்மா பெங்களூர்ல இருக்காங்க."

"பெங்களூர்தானே? ராத்திரி பஸ் ஏறினா காலையில வந்துடலாம்."

வெளியே வந்ததும் ரியா, "நிஷா" என்றாள். நிஷா நிற்கவில்லை. ராகேஷ் மட்டும் நின்றான்.

"ஐம்பது பேரு மறுபடி பரீட்ச எழுதணும். சந்தோஷமா? நீ எங்கள ஒரு வருஷமா ஏமாத்தினு இருந்துக்கற."

"ஒரு நாள்தான் ராகேஷ்."

"அது எங்களுக்கு எப்படித் தெரியும்?"

நியாயமான கேள்விதான்.

திரும்பி வரும் ரயிலில் வகுப்பு வாட்ஸ்அப் குழுவைத் திறந்தாள். கொஞ்சம் தயங்கிவிட்டு எழுதினாள்: 'நாளையிலேர்ந்து நோட்ஸ் போட மாட்டேன். மறுதேர்வுக்குப் புரியாத கணக்கு இருந்தா மதியம் மரத்தடில உட்கார்ந்து பேசலாம். எனக்கும் நிறைய புரியல.'

பார்த்தவர்களின் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனது. திருமுல்லைவாயல் போனது, அம்பத்தூர் வந்தது. யாரும் ஒரு எழுத்துகூடப் போடவில்லை. ஸ்டேஷன் படியில் இறங்கும்போது, அவர்கள் இந்நேரம் அவளில்லாத வேறொரு குழுவில் பேசிக்கொண்டிருப்பார்கள் என்று புரிந்தது.

வீட்டில் விளக்குப் போட்டாள். வழக்கமாக மறுபடி எழுத உட்காரும் நேரம். மேஜைமேல் இரண்டு நிறப் பேனாவும் இருந்தன. அவற்றைத் தொடவில்லை. அம்மாவுக்குப் போன் செய்தாள்.

"என்னடி இந்நேரத்துல? பாப்பா மடியில இருக்கா. ஸ்பீக்கர்ல போட்டிருக்கேன், சொல்லு."

"ஸ்பீக்கரை எடும்மா. பாப்பாவை அண்ணன்கிட்ட குடு. வேற ரூமுக்குப் போ."

"என்ன ஆச்சி?"

"போம்மா."

குழந்தையின் சிணுங்கல் தூரமாகப் போனது. ஒரு கதவு சாத்தும் சத்தம். ரியா சொன்னாள். நோட்டு, வியாழக்கிழமை, சார் கைகட்டி நின்றது, நிஷா, எல்லாம். ஞானகுமாரி குறுக்கே பேசவில்லை. பேசாமல் கேட்பது அவளுக்கு வழக்கமில்லை.

"லைன்ல இருக்கியா?"

"இருக்கேன். முடிச்சிட்டியா?"

"நாளைக்கு ரெண்டு பேரும் வரணுமாம்."

ஞானகுமாரி கேட்டாள்: "அன்னைக்கு ஏன்டி ஸ்டேஷனுக்கு வந்த? வராதன்னு எத்தனை தடவை சொன்னேன்."

"உன்னை ஒண்ணு கேக்கலாம்னு வந்தேன். கூட்டத்துல கேக்க முடியல."

"என்ன?"

"திரும்பி வருவியான்னு."

பதில் வரவில்லை. அதே சமயம் வாசல் பூட்டில் சாவி திரும்பியது. வேதமுத்து பையோடு உள்ளே வந்தார். போனைப் பார்த்ததும் அவர் கால் வாசலிலேயே நின்றது.

"அம்மாவா? குளிச்சிட்டு வந்து பேசுறேன்னு சொல்லு."

"இல்லப்பா. இப்பவே பேசுங்க. காலேஜ்ல ஒரு பிரச்சினை. அம்மா சொல்லுவா."

அவர் போனை வாங்கிக்கொண்டு பால்கனிக்குப் போய்க் கண்ணாடிக் கதவைச் சாத்தினார். ரியா நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தாள். அவர் முதுகு தெரிந்தது. எதிர்வீட்டு வெளிச்சத்தில் தலை இரண்டு தடவை ஆடியது. உதடு அசைவது தெரியவில்லை. காதைக் கூர்மையாக்கிக் கேட்க அவள் முயலவில்லை.

அவர் திரும்பி வந்து அவள் எதிரே உட்கார்ந்தார்.

"தப்புதான் பண்ணியிருக்க. நாளைக்கு வர்றேன்." கொஞ்சம் பொறுத்து, "பயப்படாத" என்றார்.

"அம்மா?"

"அவளும் வருவா. ராத்திரி பஸ் ஏறுறாளாம்."

ரியாவின் முகம் மலர்ந்தது. அதை அவர் பார்த்தார். பார்த்ததால் மீதியைச் சொல்ல அவருக்கு நேரமானது.

"இங்க வரல. காட்டுப்பாக்கத்துல உங்க சித்தி வீட்டுல இறங்கிக்கிறாளாம். அங்கேர்ந்து நேரா காலேஜுக்கு வந்து கையெழுத்துப் போட்டுட்டு, அப்படியே திரும்பிடுவாளாம்."

கீழே தெருவில் ஒரு ஷேர் ஆட்டோ ஹாரன் அடித்துவிட்டுப் போனது.

"நீங்க வீட்டுக்கு வான்னு கூப்பிட்டீங்களாப்பா?"

வேதமுத்து கையிலிருந்த போனைப் பார்த்தார். அதன் வெளிச்சம் எப்போதோ அணைந்திருந்தது.

"வீட்டுக்கு வரட்டுமான்னு அவ கேக்கல" என்றார்.